ஆறட்டும் என்று விட்டார்கள்

போன வாரம் கேக் மாஸ்டரைக் கண்டபடி திட்டி எழுதிய வாசகிகளே, உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அடுப்பில் ஒரு டிரே கேக் முழுவதும் கருகி, பேக்கரிக்குள் புகை மண்டி, வாங்க வந்தவர்கள் இருமிக்கொண்டே வெளியே ஓடினார்கள். அந்த மனுஷன் அடுப்புக்குப் பக்கத்திலேயே மரம் மாதிரி நின்றார். வேண்டுமென்றே செய்தார் என்று முதலாளி நினைத்தார். வீட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள். நீங்களும் நினைத்தீர்கள். பார்க்க அப்படித்தானே இருந்தது!

இன்றைக்குத்தான் முதன்முதலாகப் படிக்க உட்காருகிறவர்களுக்கு நாலு வரி. மாஸ்டர் என்பது தெருவே கூப்பிடும் பெயர். ஒரு காலத்தில் அவர் சிரித்தால் தெருமுனையில் கேட்கும். அவர் மனைவி ஒரு லாண்டரிக் கடையில் துணி வாங்கி, டோக்கன் குத்திக் கொடுக்கிறாள். மூத்த மகள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். சின்ன மகள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அந்தக் கல்யாணத்தில் எடுத்த ஒரு படத்தில்கூட மாஸ்டர் சிரிக்கவில்லை. குழந்தை பிறந்து, தூக்கிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள். அப்போதும் அதே கல்லு முகம். குழந்தை அந்த முகத்தைப் பார்த்து வீறிட்டது. பிடுங்கிக்கொண்டு போனவள்தான், திரும்பி வரவேயில்லை.

இந்த வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. அம்மா போட்ட சட்டம். யாருக்காவது கோபம் வந்தால் மற்றவர்கள் கிட்டே போகக் கூடாது, ஏன் என்று கேட்கவும் கூடாது. சாப்பாட்டைத் தட்டில் போட்டு, மேலே இன்னொரு தட்டால் மூடி மேஜையில் வைத்துவிட்டு எல்லோரும் விலகிப் போய்விட வேண்டும். கோபக்காரர் தாமாக வந்து முதல் வார்த்தை பேசுகிற வரைக்கும் அப்படித்தான். "கிளறினா எரியும், விட்டா ஆறும்" என்பாள் அம்மா. பெண்கள் சின்னவர்களாக இருந்தபோது இது நன்றாகத்தான் வேலை செய்தது. எந்தக் கோபமும் மறுநாள் காப்பிக்கு மேல் தாங்கியதில்லை.

மாஸ்டருக்கு மட்டும் இரண்டு வருஷமாகத் தட்டை மூடி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, கதைக்கு வருவோம். "நல்ல டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க மாஸ்டர், அப்புறமா அடுப்புப் பக்கம் வரலாம்" என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அன்று காலை மூன்று பேரும் நரம்பு டாக்டரின் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா ஒரு ஓரம், அம்மா மறு ஓரம், நடுவில் பெரியவள். பார்க்கிறவர்கள் மூன்று வெவ்வேறு வீட்டு ஆட்கள் என்று நினைத்திருப்பார்கள்.

கூப்பிட்டதும் உள்ளே போனார்கள். டாக்டர் நரை விழுந்த, குட்டையான ஒரு பெண்மணி.

"சொல்லுங்கய்யா, என்ன தொந்தரவு?" என்று மாஸ்டரைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் அம்மாவிடமிருந்து வந்தது.

"கோபம்தான் டாக்டர், வேற ஒண்ணுமில்ல. ரெண்டு வருஷமா மூஞ்சியை இப்படியே வச்சிருக்காரு. அதுக்கு ஏதாவது மருந்து இருந்தா குடுங்க."

"கோபத்துக்கு என்கிட்ட மருந்து இல்லையேம்மா. ஐயா, எழுந்து அந்தச் சுவர் வரைக்கும் கொஞ்சம் நடந்துட்டு வாங்க."

மாஸ்டர் நடந்தார். இடது கை நடைக்கு ஏற்ப வீசியது. வலது கை வீசவேயில்லை, உடம்போடு ஒட்டிக்கொண்டு தொங்கியது. சுவருக்கிட்டே போய்த் திரும்புவதற்குக் குட்டிக் குட்டியாக அடி வைத்தார். டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்து மடக்கி நீட்டிப் பார்த்தார். துருப்பிடித்த கீல் மாதிரி விட்டு விட்டு மடங்கியது.

"கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டுங்க. அகலமா, வேகமா."

முதலில் அகலமாகத்தான் தட்டினார். போகப் போக இடைவெளி குறைந்து, விரல்கள் ஒட்டிக்கொண்டே நின்றுவிட்டன.

ஒரு தாளைக் கொடுத்து, கைக்குப் பழகிய வரியாக ஏதாவது எழுதச் சொன்னார் டாக்டர். மாஸ்டர் 'இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்' என்று எழுதினார். அவர் கை வாழ்நாள் முழுதும் கேக் மேல் கிரீமால் எழுதியது அதைத்தானே. முதல் எழுத்து நன்றாக, குண்டாக வந்தது. கடைசி எழுத்து எறும்பு சைஸுக்கு வந்துவிட்டது.

"இதையும் பாருங்க டாக்டர்," என்றாள் அம்மா. "கடையில எத்தனை பேர் சண்டை போட்டாங்க தெரியுமா? என் குழந்தை பேரைப் படிக்கவே முடியலன்னு. கோபத்தைக் கொண்டுபோய் கேக்கு மேல காட்டினா?"

"அம்மா, நீ கொஞ்சம் சும்மா இரேன்," என்றாள் பெரியவள்.

"வாசனை எல்லாம் தெரியுதாய்யா?" என்று கேட்டார் டாக்டர்.

மாஸ்டர் ஏதோ சொன்னார். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் வாய்க்குக் கிட்டே காதைக் கொண்டுபோனார். "இன்னொரு தடவை சொல்லுங்க."

"வாசனை போயி ரொம்ப நாளாச்சு. வெனிலாவா அன்னாசியான்னு பாட்டில்ல படிச்சுப் பாத்துதான் ஊத்தறேன்."

"ஐயோ, ஏம்ப்பா சொல்லல?" பெரியவள் பதறிப்போனாள். "அப்போ அன்னிக்கு கேக் கருகினது..."

"தெரியலம்மா. புகை கண்ணுல எரிஞ்சப்புறம்தான் தெரிஞ்சுது. ஓடிப்போய் டிரேயை இழுக்கணும்னு நினைச்சேன். கால் வரல. தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு."

டாக்டர் அம்மா பக்கம் திரும்பினார். "தூக்கத்துல கை காலை உதறுவாரா? கத்துவாரா?"

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. வயது வந்த மகளை வைத்துக்கொண்டு இதையெல்லாம் எப்படிச் சொல்வது? ஆனாலும் சொன்னாள். சின்னவள் கல்யாணத்துக்கும் பல வருஷம் முந்தியே ஆரம்பித்ததாம். அவர் தூக்கத்தில் விட்ட உதையில் ஒருநாள் கட்டிலை விட்டே விழுந்தாளாம். என்மேல் அவ்வளவு வெறுப்பு என்று நினைத்து, பாயைத் தூக்கிக்கொண்டு பெரியவள் அறைக்குப் போய்விட்டாளாம்.

"அவர் உங்களை உதைக்கலம்மா. கனவுல எதையோ விரட்டியிருப்பார். கனவு காணும்போது நம்ம உடம்பு அசையாம பூட்டிக்கும். இவருக்கு அந்தப் பூட்டு சரியா விழல. சிலபேருக்கு மத்த அறிகுறி வர்றதுக்கு ரொம்ப முந்தியே இது வந்துடும்."

"எதோட அறிகுறி டாக்டர்?" என்றாள் பெரியவள்.

"பார்க்கின்சன். இன்னும் ஒண்ணு ரெண்டு சோதனை இருக்கு, மாத்திரை குடுத்து எப்படிக் கேக்குதுன்னும் பார்க்கணும். ஆனா எனக்குப் பெரிசா சந்தேகம் இல்ல."

"அது கை நடுங்கற வியாதி ஆச்சே? அப்பாவுக்குக் கை நடுங்கலையே."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. நடுங்கறவங்க எல்லாருக்கும் இந்த வியாதி கிடையாது. இந்த வியாதி வந்த எல்லாருக்கும் நடுக்கமும் கிடையாது. மூளையில உடம்பை அசைக்கச் சொல்ற ரசாயனம் ஒண்ணு தானா சுரக்குது. அது குறைஞ்சா எல்லாமே சின்னதாகும். நடை, எழுத்து, குரல், எல்லாம். இப்போ இவர் பேசினாரே, நமக்கு முணுமுணுப்பாத்தான் கேட்டுது. அவர் காதுக்கு அவர் கத்தற மாதிரிதான் இருக்கும். மாத்திரையில ஓரளவு லகுவாகும், பயிற்சி இருக்கு. முழுசா குணமாக்க இன்னும் மருந்து வரல."

அம்மா புடவைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டே கேட்டாள். "அப்போ அந்த மூஞ்சி?"

"முகத்துலயும் தசைதானேம்மா இருக்கு? சிரிப்பு உள்ள வரும். முகத்துக்கு வந்து சேராது. இமை கொட்டறதுகூடக் குறைஞ்சு போச்சு, பாருங்க."

பெரியவள் பார்த்தாள். கடையில் நாள் முழுக்க ஊரார் கண்ணைப் பார்க்கிறவள். இமைக்காமல் பாருங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறவள். அப்பா இமைக்காமல் பார்த்ததை மட்டும் 'முறைக்கிறார்' என்று நினைத்து இரண்டு வருஷம் தலையைக் குனிந்துகொண்டு போனாள். கட்டுப்படுத்திப் பார்த்தும் முடியாமல் அங்கேயே அழுதுவிட்டாள்.

"அப்படின்னா இவருக்குக் கோபமே இல்லையா?" என்றாள் அம்மா.

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்? இருந்தாலும் இருக்கும். இனிமே முகத்தைப் பார்த்து நீங்க கண்டுபிடிக்க முடியாது. வாயைத் திறந்து கேக்கணும். கேட்டீங்களா?"

ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதுதானே அந்த வீட்டில் நாகரிகம்!

பெரியவள் மாத்திரை வாங்க வரிசையில் போய் நின்றாள். அம்மாவும் அப்பாவும் மருந்துக் கடைக்கு எதிரே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இந்த முறை அம்மா ஓரத்துக்குப் போகவில்லை. அவர் தோளில் இடிக்கிற மாதிரி நெருங்கி உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல், காதை மட்டும் அவர் பக்கம் கொடுத்தாள்.

"ஏங்க, சின்னவ கல்யாணத்துல உங்களுக்குக் கோபமா?"

"கோபமா? எனக்கா?"

"சொல்லுங்க."

"ஏன் கோபம்? நல்ல பையன். பந்தியில என் பக்கத்துல உக்காந்து, ஒரு ஜோக்கு சொன்னான் பாரு, எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்துச்சு."

வயிறு வலிக்கச் சிரித்தாராம். அந்தப் பந்தியில் இவர் முகத்தைப் பார்த்து மாப்பிள்ளை பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதை நான் ஏற்கனவே எழுதியிருக்கிறேன்.

"அப்புறம் ஏன் எங்ககிட்டப் பேசாம இருந்தீங்க?" என்றாள் அம்மா.

வார்த்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல வந்தன.

"நீங்கதானே தட்டை மூடி வச்சிட்டுப் போனீங்க. நான் என்னமோ தப்புப் பண்ணிட்டேன்னு தெரிஞ்சுது. என்ன தப்புன்னுதான் தெரியல. உங்களுக்கெல்லாம் எம்மேல கோபம். கேக்கக் கூடாதே. சரி, ஆறட்டும்னு இருந்தேன்."

அம்மா இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! வெட்கமாவது மண்ணாவது. "பாவி, நான் பாவி, ரெண்டு வருஷம் தனியா உக்காத்தி வச்சிட்டேனே" என்று அவள் அழ, அவர் அசையாத முகத்தோடு அவள் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியவள் செய்த முதல் வேலை தங்கைக்குப் போன் போட்டது. மணி அடித்து ஓயப் போகிற நேரத்தில்தான் எடுத்தாள் சின்னவள்.

"இந்தத் தடவை யாருக்கு நெஞ்சுவலி?"

இது பெரியவளுக்கு வேண்டியதுதான். குழந்தையோடு தங்கை வர வேண்டும் என்பதற்காக, 'அம்மாவுக்கு நெஞ்சுவலி' என்று பொய் சொல்லி வரவழைத்தது அவள்தானே. அந்த வருகையில்தான் குழந்தை வீறிட்டது.

"இல்லடி, இது நிஜம். டாக்டர்கிட்டப் போயிட்டு இப்பத்தான் வர்றோம். அப்பாவுக்குப் பார்க்கின்சன். அதனாலதான் அவர் முகம் அப்படி..."

"எங்க பெரிய மாமனாருக்கு அது இருக்குக்கா. டம்ளரைப் பிடிச்சா பாதித் தண்ணி தரையில இருக்கும். அப்பா என் பிள்ளையைப் பிடிச்சிருந்தாரே, கை ஆடவேயில்ல. நான் பாக்கலையா?"

"எல்லாருக்கும் நடுக்கம் வராதாம்டி!"

"ஆமா, உனக்குத் தோதா ஒரு டாக்டர் கிடைச்சிருப்பாரு. அக்கா, எத்தனை தடவைதான் நீ பூசி மெழுகுவ? என் கல்யாண கேக்குல என் பேரை எவ்வளவு பெரிசா எழுதியிருந்தாரு? பூதக்கண்ணாடி வச்சாத்தான் தெரியும். எழுதக்கூட மனசு வரல அவருக்கு. எல்லாரும் பார்த்துச் சிரிச்சாங்க."

"அதுவும் இந்த வியாதிதான்டி! சத்தியமா சொல்றேன், கேளு."

சின்னவளின் குரல் உடைந்துதான் வந்தது. "நீ சொல்லாதே. அப்பாகிட்டக் குடு. ஒரே ஒரு வார்த்தை, 'வா'ன்னு அவர் வாயால சொல்லட்டும். நாளைக்கு முதல் பஸ்ஸுல பிள்ளையைத் தூக்கிட்டு வந்து நிக்கறேன். எனக்கு மட்டும் ஆசையில்லையாக்கா?"

பெரியவள் ஓடிப்போய் அப்பா கையில் போனைக் கொடுத்தாள். "அப்பா, சின்னவப்பா. உங்களைக் கேக்கறா. வரச் சொல்லுங்க!"

மாஸ்டர் போனைக் காதில் வைத்துக்கொண்டார். பக்கத்திலேயே நிற்கத்தான் பெரியவள் நினைத்தாள். அம்மாதான் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி இந்தப் பக்கம். அப்பாவும் மகளும் ரெண்டு வருஷம் கழிச்சுப் பேசறாங்க, நடுவுல என்ன நாம? தனியா பேசட்டும்."

எத்தனை அழுதாலும் பழக்கம் போகுமா? இரண்டு பேரும் சமையலறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துவிட்டு, இடுக்கு வழியாகப் பார்த்தார்கள். மாஸ்டரின் உதடு அசைந்தது. நின்றது. மறுபடியும் அசைந்தது.

"பேசறாருடி! எம்மாடி, பேசறாரு!" என்று அம்மா பெரியவளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

கொஞ்ச நேரத்தில் அவர் போனை மேஜைமேல் வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அம்மா கிட்டே போய்க் காதைக் கொடுத்தாள்.

"சொல்லிட்டேன்," என்றார் அவர். "வா கண்ணுன்னு நல்லா சத்தமா சொன்னேன். பிள்ளைக்கு என்ன கேக் பிடிக்கும்னு கேட்டேன். அவளுக்கு அழுகை வந்துடுச்சு போல. அப்பா, அப்பான்னு நாலு தடவை கூப்பிட்டா, வேற ஒண்ணும் சொல்ல முடியல. வச்சிட்டா."

"உங்களுக்குச் சந்தோஷமாங்க?" என்று கேட்டாள் அம்மா. இத்தனை வருஷக் குடித்தனத்தில் இதை அவள் வாய்விட்டுக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"ரொம்ப."

பெரியவளுக்கு அந்த நொடியில்தான் காலையில் டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் காதுக்கு அவர் கத்தற மாதிரிதான் இருக்கும். மேஜைக்கு ஓடிப் போனை எடுத்தாள். தங்கையிடமிருந்து செய்தி வந்து கிடந்தது.

'அப்பா அப்பான்னு தொண்டை கிழியக் கூப்பிட்டேன். மூச்சு சத்தம் மட்டும்தான் கேட்டுது. ஒரு வார்த்தைதானே கேட்டேன். இவ்வளவு வைராக்கியம் எனக்கு ஆகாது. போதும்க்கா. இனிமே என்னைக் கூப்பிடாதே.'

உடனே தங்கையின் எண்ணை அழுத்தினாள். போன் அணைக்கப்பட்டிருந்தது. மறுபடியும் அழுத்தினாள். மாப்பிள்ளையின் எண்ணைத் தேடி அதையும் அழுத்தினாள். அது அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

சமையலறையில் மாஸ்டர் சின்ன கேக் டின் ஒன்றைத் தேடி எடுத்து இடது கையால் கழுவ ஆரம்பித்திருந்தார். அம்மா முட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அவர் என்னவோ சொன்னார், அம்மா காதைக் கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டு, பெரியவளைப் பார்த்து உரக்கச் சொன்னாள்.

"முதல் பஸ் எத்தனை மணிக்கு வரும்னு அப்பா கேக்கறாருடி. நடக்க நேரமாகுமாம், வெள்ளனவே கிளம்பிப்போய் ஸ்டாப்புல நிக்கணுமாம். நானும் கூடப் போறேன்."